காப்பகப் பூனைகளுக்குத் தும்மல், கண் பீளை: தினமும் கழுவியும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: முப்பது பூனைகள். பத்துக்குத் தும்மல், மூக்கொழுகல். குட்டிகளுக்குப் பீளை கட்டி இமையே ஒட்டிக்கொள்கிறது. தினமும் எல்லாப் பூனைகளையும் வெளியே எடுத்துவிட்டு, பினாயில் ஊற்றிக் கூண்டுகளைக் கழுவுகிறோம். ஆன்டிபயாட்டிக், லைசின் சத்துப் பவுடர் இரண்டும் போகிறது. ஒன்று தேறினால் இன்னொன்று படுத்துவிடுகிறது.

பதில் (கூண்டுக்காரன்): கழுவுகிற விதத்தில்தான் கோளாறு. பினாயில், டெட்டால் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். அந்த வகை ரசாயனத்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது; பாதத்தை நக்கியே விஷம் ஏறும். பூனைக்குச் சளி கொடுக்கும் கலிசிவைரஸோ காய்ந்த தரையில் ஒரு மாதம்கூடக் கிடக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கைப் போக்குங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் செத்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5% ப்ளீச் திரவம் 30 மி.லி., 10 நிமிடம் ஊறட்டும், அலசிக் காயவிடுங்கள். கலவையை அன்றன்று தயாரிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பெரிய கழுவல், கூண்டுக்கு வேறு பூனை வரும்போது மட்டும் போதும். மற்ற நாளில் பூனை உள்ளேயே இருக்கட்டும். நனைந்த பேப்பர், மணல் தட்டு, கிண்ணம் மட்டும் மாற்றுங்கள். சளி கொடுக்கும் இன்னொரு வைரஸான ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் நரம்பில் பதுங்கிவிடும். தினமும் தூக்கி இடம் மாற்றுகிற பதற்றமே அதை மறுபடி கிளப்பும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். நல்ல குட்டிகளிடம் முதலில், நோயாளிகளிடம் கடைசியில் போங்கள். கைக்கு சானிடைசர் போதாது, சோப்புதான்.

கண்பீளை: வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எடுபடாது. கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருந்தால் பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பிக்கும், கண் சவ்வு உப்பும், தும்மல் குறைவு. அதற்கு மட்டும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்: கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., நான்கு வாரம். கண் தெளிந்ததும் நிறுத்தினால் திரும்பி வரும். மாத்திரை கொடுத்ததும் சிரிஞ்சில் 6 மி.லி. தண்ணீர் புகட்டுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிச் சுருங்கிவிடும். நாக்கில் புண், நொண்டல் இருந்தால் கலிசியைச் சந்தேகியுங்கள்.

கண்ணில் சோதனைச் சாயம் போட்டுப் பார்த்து, கருவிழியில் புண் இல்லை என்று மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு கூடவே கூடாது. ஹெர்பிஸ் புண் ஆழமாகிக் கண்ணே போகலாம்.

லைசின் வீண் செலவு. அந்தக் காசைத் தடுப்பூசிக்குப் போடுங்கள்: வந்த அன்றே, குட்டிக்கு நான்கு வார வயதிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இருபது வாரம் வரை. தொற்றை முழுதாகத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, அதனால் சாப்பிடாது. மீனை வெதுவெதுப்பாக வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.