டிஃப்யூஸ் பேண்ட்: பரவலா, விரவலா, மங்கலா?

வணக்கம். சனிக்கிழமை பட்டர்வொர்த்துல படிவம் 4, 5 பிள்ளைங்களுக்கு வானியல் வகுப்பு, வெள்ளி ராத்திரிக்குள்ள ஸ்லைடு முடிச்சாகணும். டிஃப்யூஸ் இன்டர்ஸ்டெல்லார் பேண்டுக்கு (விண்மீனுங்களுக்கு நடுவுல இருக்கிற மூலக்கூறுங்க நட்சத்திர ஒளிய விழுங்குறதால நிறமாலையில விழற கறுப்புப் பட்டை) ‘விண்மீனிடைப் பரவல் பட்டை’ன்னு போட்டிருந்தேன், ஒரு பொண்ணு பார்த்துட்டு “வானம் பூரா பரவியிருக்கிற பட்டையா டீச்சர்?”னு கேட்டா. தப்பு சொல்லு மேலதான். நட்சத்திர ஒளிய நிறமாலையா விரிச்சா சோடியம் கோடு கத்தியால கீறுன மாதிரி விழுது, 5780 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துல விழற இந்தப் பட்டை அகலமா ஓரம் கலைஞ்சு கிடக்கு. அந்த ஓரத்துக்குத்தான் சொல்லு வேணும்.

டீச்சர், கோலாலம்பூர்லேர்ந்து எழுதறேன். ‘விரவல் பட்டை’ன்னு போடுங்க. தொல்காப்பியத்துல விரவுப்பெயர் இருக்கே, சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது, ரெண்டு திணைக்கும் பொது, பேரை மட்டும் வச்சு யாருன்னு பிரிக்க முடியாது. 1922ல வானியலாளர் மேரி லீ ஹெகர் இந்தப் பட்டைங்களைப் பத்தி எழுதுனதுலேர்ந்து இன்னைக்கு 500 பட்டைக்கு மேல வந்தாச்சு, பெரும்பாலானது எந்த மூலக்கூறோடதுன்னு பிரிக்க முடியலையே. இன்னொன்னு, பட்டைங்கிறதே வடமொழி பட்டத்துலேர்ந்து வந்ததோன்னு எனக்குச் சந்தேகம்.

ஐயா, கறியில போடற பட்டையும் நெத்தியில போடற பட்டையும் நம்ம வாய்ல இருக்கு, அதை விடுங்க. விரவல்னு வச்சா நமக்குத் தெரியாததுக்குப் பேர் வச்ச மாதிரி ஆகுது, தெரிஞ்சா என்ன பண்றது? 2015ல சுவிட்சர்லாந்து பாஸல்ல ஜான் மையர் குழு சி60 அயனிய (60 கார்பன் அணு பந்து மாதிரி சேர்ந்த மூலக்கூறு, மின்னேற்றத்தோட) 10 கெல்வினுக்குக் கீழ குளிர வச்சு, மேல ஒரு ஹீலியம் அணுவ ஒட்ட வச்சாங்க. லேசர் அலைநீளத்தைக் கொஞ்சங்கொஞ்சமா மாத்திக்கிட்டே போனா, அயனி ஒளிய விழுங்குன உடனே ஹீலியம் கழண்டுடும், ஒட்டுனது எவ்ளோ குறையுதுன்னு எண்ணிக்கிட்டே வந்தா, ரொம்பக் குறையற இடம் 9577லயும் 9632லயும் வந்து நிக்குது. 1994லயே வானத்துல பார்த்த அதே இடம்! ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, ஓரம் கலைஞ்சது கலைஞ்சதுதான்.

அக்கா, பத்துமலை ஏறும்போது வேர்வையில விபூதிப் பட்டை ஓரம் கலையும்ல, அதைச் சொன்னா பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிடும். ‘மங்கல் பட்டை’ போதும்.

தம்பி, மங்கல்னா வெளிச்சம் கம்மின்னு நினைப்பாங்களோன்னு கொஞ்சம் உறுத்துது, ஆனாலும் நீங்க மங்கலுக்கே சொல்லிட்டீங்க, எனக்கும் நேரமில்ல. விண்மீனிடை மங்கல் பட்டைன்னே போடறேன், கீழ விபூதிப் படம்.

போடுங்க டீச்சர். 5780க்குச் சொந்தக்காரன் யாருன்னு தெரியற வரைக்கும் நான் விரவல்னுதான் எழுதுவேன்.