பேரிடருக்கு முன்பே உதவிப் பணம் கொடுத்தால் பலன் உண்டா?

கேள்வி:
பேரிடர் நடந்த பிறகுதான் பன்னாட்டு நிதி திரள்கிறது. அடுத்த புயலைத் தாங்க மக்களைத் தயார்படுத்திய இடம் எங்காவது உண்டா?

பதில் 1:
உண்டு, வங்கதேசம். 1970 போலா புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் கிராமத்துத் தொண்டர்களே கொடியேற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்து, நடக்க முடியாத முதியவர்களைக் காப்பிடத்துக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். 2007இல் வந்த சிதர் புயல் வலிமையில் குறைந்ததல்ல. இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400. அதுவும் பெருந்துயரம்தான். ஆனாலும் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கின்றன!

பதில் 2:
காப்பிடம் உயிரைக் காக்கும். மாடும் விதைநெல்லும் என்ன ஆகும்? 2020 ஜூலையில் அதே நாட்டில் வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே ஐ.நா. அவசரகால நிதியிலிருந்து பணம் விடுவிக்கப்பட்டது. குடும்பங்களின் கைக்கே ரொக்கம் போனது. இப்படித்தான் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்:
உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகத் தருகிறார்களா?

பதில் 1:
மிகக் குறைவாக. 2020க்குள் உதவி நிதியில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும் என்று 2016இல் கொடையாளர்களும் உதவி அமைப்புகளும் உறுதியளித்தார்கள். நிறைவேறவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.