பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’: கன்ட்ரியா, பாஞ்சோ வெச்ச ‘பாப்’ இசையா?

வேப்பமரத்தடி:
அமெரிக்கப் பாடகி பியான்சேயோட 2024 ஆல்பம் ‘கவ்பாய் கார்ட்டர்’. 2025 பிப்ரவரியில கிராமி இதுக்கு சிறந்த கன்ட்ரி (அமெரிக்கக் கிராமத்து வழி இசை) ஆல்பம் விருது குடுத்துச்சு. வருஷத்தோட சிறந்த ஆல்பமும் இதான். ஆனா அதுக்கு முந்தின நவம்பர் சிஎம்ஏ (கன்ட்ரி இசைச் சங்கம்) விருதுல ஒரு நாமினேஷன்கூட கிடையாது. இதுல வர்ற ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாட்டு பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி பட்டியல்ல முதலிடம், அதோட கன்ட்ரி ரேடியோ பட்டியல்ல முதல் முப்பதுக்குள்ளயே வரல. ஒரே ஆல்பத்துக்கு எப்படி இத்தனை தீர்ப்பு? இன்னொண்ணு, 27 டிராக், 78 நிமிஷம். கன்ட்ரி பழக்கமில்லாத காதுக்கு எங்க ஆரம்பிக்கலாம்? எல்.பி. (இசைத்தட்டு) வாங்கலாமா?

ஒத்தத்தந்தி:
தீர்ப்பு சொல்பவர்கள் வேறு வேறு ஆட்கள், அவ்வளவுதான். ‘ஹாட் கன்ட்ரி சாங்ஸ்’ பட்டியலில் 2012 அக்டோபரிலிருந்து ஸ்ட்ரீமிங், விற்பனை, எல்லா வகை வானொலி ஒலிபரப்பும் சேரும். பாப் ரசிகர்கள் கேட்டாலும் கணக்கில் ஏறும். ‘கன்ட்ரி ஏர்ப்ளே’ கன்ட்ரி நிலையங்கள் ஒலிபரப்புவதை மட்டுமே எண்ணும். முதல் பட்டியலிலும் எந்தப் பாட்டு கன்ட்ரி என்று முடிவு செய்வது பில்போர்டுதான். 2019இல் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்டு டவுன் ரோடு’ பாட்டைப் போதுமான கன்ட்ரி அம்சம் இல்லை என்று தூக்கியது அந்த அதிகாரத்தில்தான்.

சிஎம்ஏ ஓட்டு பெரும்பாலும் கன்ட்ரி இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில் தொழில்காரர்களுடையது. கிராமியில் ஆல்பம் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதை ஒரு கமிட்டி முடிவு செய்யும். 2016இல் இதே பியான்சேயின் ‘டாடி லெசன்ஸ்’ பாட்டைக் கன்ட்ரி கமிட்டி ஏற்கவில்லை. இந்த ஆல்பம் ஜெயித்த சில மாதங்களில் கன்ட்ரி ஆல்பம் பிரிவையே மரபு, சமகாலம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

மதுரை மைனர்:
பட்டியலை விடுங்க, காதுக்கு வருவோம். ‘16 கேரேஜஸ்’ல பெடல் ஸ்டீலை மட்டும் பிடிச்சுக் கேளுங்க. மடியளவு மேசை மாதிரி கிடக்குற கிட்டார் அது. வழக்கமா 10 தந்தி. இடது கையில இரும்புக் கட்டை, காலுக்கு பெடல், முட்டிக்கு லீவர். பெடலை மிதிச்சா, சேந்து ஒலிக்கிற சுரங்கள்ல ஒண்ணு மட்டும் வழுக்கி ஏறும், மத்தது அசையாம நிக்கும். சாதா கிட்டார்ல அந்த அழுகை வராது. அதை வாசிச்சது ராபர்ட் ராண்டால்ஃப். அவர் வந்தது நாஷ்வில்லேர்ந்து இல்ல, கறுப்பின தேவாலயங்கள்ல வளர்ந்த ‘சேக்ரெட் ஸ்டீல்’ மரபுலேர்ந்து. வெள்ளைக்காரங்க கன்ட்ரியோட அடையாளம்னு எல்லாரும் நினைக்கிற ஒலி இந்த ஆல்பத்துக்குள்ள வந்த வழி அதுதான்.

‘ஹோல்டெம்’ தொடக்கத்துல வர்ற பாஞ்சோவை (தோல் போர்த்தின வட்ட உடம்பு உள்ள தந்தி வாத்தியம்) வாசிச்சது ரியானன் கிடென்ஸ். விரல்ல பிக் மாட்டி மீட்டுற ப்ளூகிராஸ் (வேகமான ஒரு கன்ட்ரி வகை) பாணி அவங்க வழி இல்ல. நகத்தால கீழ்நோக்கி அடிச்சு, கட்டைவிரலால அஞ்சாவது குட்டைத் தந்தியைத் தட்டுற பழைய பாணிக்குப் பேர்போனவங்க. பாஞ்சோவுக்கு மூதாதை மேற்கு ஆப்பிரிக்காவோட சுரைக்குடுக்கை வாத்தியங்கள். போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு ‘பாப்’னு சொல்லாதீங்க, பாதி விஷயம் காணாமப் போயிடும்.

கேசட்டுக்கடை:
மைனர், வாத்தியம் வெச்சா கன்ட்ரி ஆயிடுமா? ‘ரிவர்டான்ஸ்’ நடன மேடைக்கானது. ‘ஸ்வீட் ஹனி பக்கின்’ பாதியில ஜெர்சி கிளப்ங்கிற வேகமான நடன இசை ஆயிடுது. ‘டாட்டர்’ல ‘காரோ மியோ பென்’ங்கிற பழைய இத்தாலியப் பாட்டு வருது. இது கன்ட்ரியைப் பத்தின ஆல்பம், கன்ட்ரி ஆல்பம் இல்ல. ‘ஜோலீன்’ வரியை மாத்தினதும் எனக்கு ஒட்டல. டாலி பார்ட்டனோட மூலப் பாட்டுல, என் ஆளைப் பறிச்சுக்காதேன்னு ஒருத்தி ஜோலீன்கிட்ட கெஞ்சுவா, அதான் அந்தப் பாட்டோட உயிர். இதுல மிரட்டுறா.

ரேடியோவையும் மொத்தமாத் திட்டாதீங்க. அதே 2024ல ஷபூஸியோட ‘எ பார் சாங்’ கன்ட்ரி ஏர்ப்ளேல முதலிடம் வந்துச்சு. அவரும் கறுப்பினத்தவர், பாட்டுல ஹிப்ஹாப்பும் இருக்கு. நாஷ்வில் பாடகருங்க பாட்டைப் போடச் சொல்லி ஊர் ஊரா வானொலி நிலையம் ஏறி இறங்குவாங்க. ‘ஹோல்டெம்’ வெளியான அன்னிக்குக் கன்ட்ரி நிலையங்களுக்கு முறைப்படி போகவே இல்ல, சில நாள் கழிச்சுத்தான் அனுப்பினாங்க.

ஒத்தத்தந்தி:
அந்த ஷபூஸி இந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டில் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் கடைக்காரரே. ‘எ பார் சாங்’ வந்தது அதற்குப் பிறகு.

இசை வகைகளுக்கு நடுவே வேலி போட்டதும் பாட்டுக்காரர்கள் இல்லை. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பினத்தவருக்கு ‘ரேஸ்’ (இனம்), வெள்ளைக் கிராமத்தாருக்கு ‘ஹில்பில்லி’ (பட்டிக்காட்டான்) என்று தனித்தனி வரிசை போட்டு விற்றன. 1949இல் பில்போர்டு ‘ரேஸ்’ பட்டியலுக்கு ‘ரிதம் அண்டு ப்ளூஸ்’ என்று பெயர் மாற்றியது. வேலி அப்படியே இருந்தது. 1962இல் கறுப்பினப் பாடகர் ரே சார்லஸ் கன்ட்ரி பாட்டுகளை வைத்தே ஓர் ஆல்பம் போட்டார். அதில் ‘ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ’ எல்லா வகைப் பாட்டுக்குமான பில்போர்டு ‘ஹாட் 100’ பட்டியலில் 5 வாரம் முதலிடம், கன்ட்ரி பட்டியலில் இடமே இல்லை. 1969இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சியான கிராண்டு ஓல் ஓப்ரியில் மேடையேறிய லிண்டா மார்ட்டெல், அங்கே தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். அவருடைய தட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயர் பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்! பிளான்டேஷன் என்றால் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய தோட்டம். இந்த ஆல்பத்தின் ‘ஸ்பகெட்டி’ பாட்டுத் தொடக்கத்தில் இசை வகைகளைப் பற்றிப் பேசுவது அவர் குரல்தான்.

நடுநிசி ரேடியோ:
வேப்பமரத்தடி, கேட்ட கேள்விக்கு வர்றேன். முதல்ல ‘16 கேரேஜஸ்’, ‘ப்ரொடெக்டர்’, ‘அலிகேட்டர் டியர்ஸ்’, ‘ஜஸ்ட் ஃபார் ஃபன்’. நாலுமே நிதானமான பாட்டு, குரலுக்குப் பக்கத்துலயே வாத்தியம் தெளிவாக் கேக்கும். அப்புறம் ‘ப்ளாக்பேர்டு’: 1968ல பீட்டில்ஸ் பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி வாசிச்ச அதே கிட்டாரும் கால் தட்டுற சத்தமும் அடியில ஓடும், மேல நாலு கறுப்பின கன்ட்ரி பாடகிகள் சேந்து பாடுவாங்க. இதெல்லாம் பிடிச்சா முதல்லேர்ந்து வரிசையாக் கேளுங்க. ஷஃபிள் வேண்டாம், இடையில வர்ற குட்டி டிராக்குங்க அறுந்துபோயிடும். கேசட்டுக்கடை சொன்ன நடனப் பாட்டெல்லாம் கடைசிப் பகுதியிலதான் இருக்கு, அதுக்குள்ள காது பழகிடும்.

எல்.பி. விஷயத்துல ஜாக்கிரதை. வெளியானப்ப வந்த ரெட்டைத் தட்டுல 5 டிராக் கிடையாது: ‘ஸ்பகெட்டி’, ‘ஃபிளமென்கோ’, ‘யா யா’, ‘ஓ லூசியானா’, ‘தி லிண்டா மார்ட்டெல் ஷோ’. தட்டு அச்சடிக்க மாசக்கணக்குக்கு முன்னாடியே மாஸ்டர் (மூலப் பதிவு) அனுப்பியாகணும், அதுக்கப்புறம் டிஜிட்டல்ல சேத்தது அதுல வராது. சிடிலயும் சிலது விட்டுப்போயிருக்கு. மேல பேசின லிண்டா மார்ட்டெல் பகுதி வேணும்னா, உறையோட பின்பக்கம் இந்த அஞ்சு டிராக்கோட பேரும் இருக்கான்னு பாத்துட்டுக் காசைக் குடுங்க.