வாய்ட் டெக் விளக்கில் படம் துடிக்கிறது, கேமரா கோளாறா?

தோ பாயோ தம்பி:
குறும்படம் ஒன்றுக்குக் கேமரா பிடிக்கிறேன். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் ஒன்றின் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத் திறந்தவெளியில், இரவுக் காட்சி. நகர மன்ற அனுமதியெல்லாம் வாங்கியாச்சு. சோதித்துப் பார்த்ததில் வினாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/48 வினாடியில் சுவர் லேசாக வெளுத்து மங்கி, வெளுத்து மங்கி வருகிறது. ஸ்லோமோஷனுக்கு 60 பிரேம், 1/125 வைத்தால் திரை முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. கண்ணுக்கு விளக்கு ஒழுங்காகத்தான் எரிகிறது. வாடகைக் கடையில் கேமராவை மாற்றிக் கேட்கவா?

பழைய லைட்மேன்:
கேமரா மேல் பழி போடாதீங்க தம்பி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்று) போட்ட எல்இடியும் பழைய சோக் டியூப் லைட்டும் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அந்தத் துடிப்பு முழுசு முழுசாக அடங்க வேண்டும். 1/50-இல் இரண்டு, 1/100-இல் ஒன்று. 1/48-இல் இரண்டோடு கொஞ்சம் கொசுறும் விழுகிறது. அந்தக் கொசுறு பிரேமுக்குப் பிரேம் இடம் மாறுவதால் சுவர் வினாடிக்கு 4 தடவை ஆடுகிறது. 1/125-இல் ஒரு துடிப்புகூட முழுசாக இல்லை, அதனால்தான் அத்தனை பட்டை.
24 பிரேமை விட வேண்டாம். ஷட்டர் கோணம் (ஒரு பிரேம் நேரம் முழுவதும் 360 பாகை என்றால், அதில் ஷட்டர் திறந்திருக்கும் பங்கு) 172.8 பாகை வையுங்கள், சரியாக 1/50. 60 பிரேமுக்கு 216 பாகை, அதாவது 1/100.

எடிட்டிங் ரூம்:
இதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு? டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ எடிட்டிங் மென்பொருளில் துடிப்பை நீக்கும் டீஃபிளிக்கர் இருக்கே.

பழைய லைட்மேன்:
வெறும் சுவருக்குச் சரி. நடக்கிற ஆள் முகத்தில் பட்டை ஓடினால் அது மெழுகிவிடும். மெனுவில் ஒரு எண்ணை மாற்றச் சோம்பலா?

தோ பாயோ தம்பி:
172.8 வைத்ததும் சுவர் அப்படியே நின்றுவிட்டது அண்ணே! 1/100-உம் சுத்தம். ஆனால் பின்னால் மாமா கடை (புளோக்குக் கீழே உள்ள சின்ன மளிகைக் கடை) வாசலில் தொங்கும் வண்ண எல்இடி பட்டை மட்டும் இன்னும் கோடு கோடாக வருகிறது. அப்புறம் இயக்குநர் 120 பிரேம் கேட்கிறார்.

கேமரா அக்கா:
கடை விளக்கை மங்கலாக வைத்திருப்பார்கள். டிம்மர் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும், அந்த வேகம் மின்சாரத்தின் 50-க்குக் கட்டுப்படாது. முழு வெளிச்சத்துக்கு ஏற்றினாலே பெரும்பாலும் அடங்கும். இல்லையென்றால் மெனுவில் கிளியர் ஸ்கேன் இருக்கிறதா பாருங்கள். அதில் ஷட்டரைத் துளித்துளியாக நகர்த்தி, மானிட்டரில் கோடு நிற்கும் இடத்தில் விடுங்கள். சுவர் மறுபடி ஆடினால் இரண்டு விளக்கும் ஒத்துவராது. கடைக்காரரிடம் நாலு குளிர்பானம் வாங்கிக்கொண்டு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.
120 பிரேமில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பதே 1/120 வினாடிதான், 1/100 அதற்குள் நுழையாது. வாய்ட் டெக் விளக்கை அமுக்கும் அளவுக்கு பேட்டரி எல்இடி டியூப் வையுங்கள். அதை வாடகைக்கு எடுக்கும்போதே, கடையிலேயே, 120 பிரேமில் மங்கலாக்கியும் படம் பிடித்துப் பாருங்கள். 'ஃபிளிக்கர் (துடிப்பு) இல்லை' என்று பெட்டியில் போட்டிருந்தாலும்தான்.

தோ பாயோ தம்பி:
சரி அக்கா. 120 ஒரே ஷாட்டுக்குத்தான், தூண் பக்கம் நெருக்கமாக எடுத்துவிடுகிறேன். மாமா கடைக்காரர், "பதினோரு மணிக்குக் கடையை மூடுவேன், அதுக்கப்புறம் என்னமும் பண்ணிக்கோ" என்கிறார்.