உதவி: மின்னழுத்தம் கூட்டினால் நீர்த்துளிகள் சேராமல் விலகிப்போகின்றன

மழைத்தூறல்: எண்ணெய்க்குள் இரண்டு நீர்த்துளிகள். மின்புலம் கொடுத்தால் ஒன்றாகும் என்றுதான் படித்தேன். என்னுடையவை நெருங்கி, தொட்டு, உடனே எதிர்த்திசையில் ஓடுகின்றன. மின்னழுத்தத்தை ஏற்றினால் இன்னும் வேகமாக ஓடுகின்றன. அவசரம், யாராவது சொல்லுங்களேன்.

தென்றல்: என்ன எண்ணெய்? மாறுமின்னோட்டமா (ஏசி), நேர்மின்னோட்டமா (டிசி)? மின்புலம் கொடுக்கும் தகடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்?

குடுவை: சோப்புதான். பாத்திரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நீர்ப்பரப்பில் படலமாகப் படிந்து சேரவிடாது. நன்றாகக் கழுவுங்கள்.

ஆதிமூலம்: அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். லேசான மின்னேற்றத்தில் துளிகள் சேரும், பலமானால் சிதறும் என்று இயற்பியலாளர் ரேலி 1879-லேயே எழுதிவிட்டார்.

தென்றல்: ஐயா, அது காற்றில் பாயும் நீர்த்தாரை. ஒரே வகை மின்னேற்றம் என்பதால் தள்ளிக்கொள்ளும். இங்கே துளிகள் தொட்ட பிறகுதானே பிரிகின்றன?

மழைத்தூறல்: சிலிக்கோன் எண்ணெய், டிசி, 2 செ.மீ. இடைவெளி, 8 கிலோவோல்ட். தண்ணீரில் கொஞ்சம் உப்பு. சோப்பு கிடையாது.

குடுவை: கையுறையிலிருந்துகூட வரலாம்.

நீலக்கல்: செ.மீ.க்கு 4 கிலோவோல்ட்! அதுதான் காரணம். 2009-இல் ரிஸ்டன்பார்ட் ஆய்வுக்குழு நேச்சர் அறிவியல் இதழில் காட்டியது இதைத்தான். எதிரெதிர் மின்னேற்றத் துளிகள் நெருங்கும்போது இரண்டின் முனையும் கூம்பாக நீளும். நுனிகள் தொட்டதும் நடுவில் மெல்லிய நீர்ப்பாலம் உண்டாகி, மின்னேற்றம் அதன் வழியே மாறிவிடும். கூம்பு தட்டையாக இருந்தால் பரப்பு இழுவிசை (நீர்ப்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை) தண்ணீரைப் பாலத்துக்குள் இழுக்கும், துளிகள் சேரும். புலம் கூடக் கூடக் கூம்பு கூர்மையாகும். ஓர் அளவைத் தாண்டினால் பாலத்திலிருந்து தண்ணீர் இரு பக்கமும் வெளியேறி, அது அறுந்துவிடும். மின்னேற்றம் மாறிவிட்டதால் இரண்டும் வந்த வழியே ஓடும். மின்னழுத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிப் பாருங்கள்.

ஆதிமூலம்: டிசி வைத்ததே தப்பு. கச்சா எண்ணெயில் உப்புநீர் பிரிக்கும் ஆலைகளில் ஏசிதான்.

தென்றல்: ஏசியும் டிசியும் சேர்ந்த அமைப்புகளும் உண்டு. டிசியில் துளிகள் தகடுகளை நோக்கி நகரும், அதனால் அதிகம் மோதும். தகடு அரிப்பதுதான் தொல்லை.

ஆதிமூலம்: அந்த அரிப்பைத்தான் சொல்கிறேன். உப்புத்தண்ணீர் வேறு.

தென்றல்: சரி, ஆனால் அவர் கேட்டது அரிப்பை இல்லையே.

மழைத்தூறல்: 3 கிலோவோல்ட்டில் சேர்ந்துவிட்டன. நீலக்கல்லுக்கு நன்றி.

நீலக்கல்: துளியின் விட்டம் எவ்வளவு? வேகக் கேமராவில் எடுத்திருந்தால் பாலம் அறுகிற படத்தைப் போடுங்கள், கூம்பின் கோணத்தை அளந்து பார்க்கலாம்.