புதுப்பிப்பு: பாளையங்கோட்டை டியூஷன் சென்டர் நெட்புக், பூட் இழுவை தீர்ந்தது

போன பதிவின் சுருக்கம்: ஆட்டம் என்270 பிராசஸர், 1 ஜிபி ராம், 32 பிட் டெபியன் 12 லினக்ஸ். ஸ்வாப் பார்ட்டிஷனை (ராம் பத்தாதபோது கைகொடுக்கும் டிஸ்க் பகுதி) அழித்து ஸீராம் (ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போட்டதிலிருந்து பூட் இரண்டு நிமிஷம் கூடுதலாக இழுத்தது.

ஹார்டு டிஸ்க் போச்சு என்று சொன்ன அண்ணாச்சிமார் கவனிக்க: டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அழிந்த ஸ்வாப்பின் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, பூட்டில் எந்தப் பார்ட்டிஷன்களை இணைக்கணும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைல்; அதில் இருந்த வரியால் 90 விநாடி காத்திருப்பு. அந்த வரியின் முன்னால் # போட்டு அதைச் செயலிழக்க வைத்தாச்சு. மீதி 30 விநாடிதான் கள்ளன். பூட்டில் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' பட்டியலில் அது சிக்காது, கர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) நேரத்தோடு சேர்ந்துவிடும். இரண்டாவது இடம், பூட்டின் தொடக்கத்தில் ஓடும் குட்டி சிஸ்டத்தை (இனிட்ராம்எஃப்எஸ்) உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் கான்ஃப்.டி ஃபோல்டரில் உள்ள 'ரெஸ்யூம்' ஃபைல். அதில் யூயூஐடியை எடுத்துவிட்டு 'நன்' (none) என்று எழுதி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுக்கணும். இதை ஓட்டாமல் ரீபூட் செய்தால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஸீராமுக்குச் சுருக்கும் முறை எல்இஸட்4, அளவு ராமில் 50 சதவீதம். இந்த ஆட்டம் பிராசஸருக்கு இன்னொரு சுருக்கும் முறையான இஸட்எஸ்டிடி பாரம். ஸீராமை நம்பி ஹைபர்னேட் (வேலையை அப்படியே சேமித்து மெஷினை அணைப்பது) செய்ய முடியாது, கரண்ட் போனால் ராமோடு அதுவும் போகும்.

ஜர்னலுக்கு (சிஸ்டத்தின் பதிவேடு) 50 எம்பி வரம்பு. மொபைல் மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜரைத் தூக்கலாம், பாபநாசம் பக்கம் யூஎஸ்பி டாங்கிளில் நெட் எடுக்கிறவங்க தொடாதீங்க. தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கொடுக்குமுன் '-எஸ்' போட்டு ஒத்திகை பாருங்க, இல்லாட்டி சில சமயம் டெஸ்க்டாப்பையே வாரிக்கொண்டு போகும்.

டெபியன் 13-க்கு மாற்றாதீங்க. அதில் 32 பிட் பிசிக்கு கர்னலே கிடையாது.