2002 சில்வராடோ 4எல்60ஈ: கியர்பாக்ஸைப் பிரித்தாயிற்று, எந்த பாகங்களை வாங்குவது?

கால்வெஸ்டன்_ரோடு:

வணக்கம். என்னிடம் 2002 செவர்லே சில்வராடோ 1500 இருக்கிறது, 5.3 லிட்டர் வி8, 4எல்60ஈ ஆட்டோமேட்டிக், 2,10,000 மைல் ஓடியிருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டனுக்கு மாதம் இரண்டு முறை படகை இழுத்துக்கொண்டு போவோம். போன மாதம் திரும்பி வரும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தில் என்ஜின் மட்டும் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்றாவதும் நான்காவதும் அடியோடு போய்விட்டன. முதல், இரண்டாவது, ரிவர்ஸ் மூன்றும் இப்போதும் நன்றாக விழுகின்றன. அதற்கு முன்பே ஆறு மாதமாக பி1870 கோடு (கியருக்குள் ஏதோ வழுக்குகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழை எண்) வந்து போய்க்கொண்டிருந்தது, நான் அழித்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், தப்புதான்.

பட்டறையில் 3,800 டாலர் கேட்டார்கள். அவ்வளவு முடியாது என்று நானும் மச்சானும் சேர்ந்து இறக்கிப் பிரித்துவிட்டோம். மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, வெளியே வந்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம். 3-4 கிளட்ச் (மூன்றாவது, நான்காவது கியர்களைப் பிடிக்கும் கிளட்ச்) பிளேட்களில் ஃபிரிக்ஷன் முழுக்க உரிந்து வெறும் இரும்பு தெரிகிறது, ஸ்டீல் பிளேட்கள் நீலம் பாய்ந்திருக்கின்றன, ஆயில் பான் அடியில் கறுப்புச் சேறு. பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) நன்றாகத்தான் இருக்கிறது.

கையில் 1,400 டாலர் இருக்கிறது. சாதாரண கிட் போதுமா, இல்லை ரேஸ் கிட் என்று போட்டு விற்கிறார்களே, அது வாங்க வேண்டுமா? கார்வெட் சர்வோ, ஐந்து பினியன் பிளானட்டரி, பீஸ்ட் ஷெல் என்று பலமான பாகங்களாக ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்ஜினில் நான் எதையும் மாற்றவில்லை, மாற்றப் போவதும் இல்லை. படகு இழுத்தால் போதும்.

---

ஷார்ஜா_கியர்காரர்:

தம்பி, பத்தொன்பது வருஷமாக ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்தான் பார்க்கிறேன், சியராவும் டாஹோவும் இங்கே நிறைய வரும், இந்த கியரை எத்தனை தடவை இறக்கி ஏற்றினேன் என்று கணக்கு இல்லை. கிட் எது என்பதை அப்புறம் பார்க்கலாம். 3-4 கிளட்ச் எரிந்தது சரி, ஏன் எரிந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிளேட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஆயில் பிரஷர் எங்கோ கசிந்தால் பிளேட் வழுக்கும், வழுக்கினால் எரியும். கசிவை விட்டுவிட்டு உலகத்திலேயே விலை கூடிய கிளட்சைப் போட்டாலும் ஆறு மாதத்தில் இதே மேஜையில்தான் இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது இன்புட் டிரம், 3-4 கிளட்ச் உட்கார்ந்திருக்கும் உருளை. அதற்குள் ஒரு சின்ன செக் பால் கேப்சூல் இருக்கிறது, அது தேய்ந்தோ இடம் தளர்ந்தோ இருந்தால் 3-4 பிரஷர் அந்த வழியாகவே போய்விடும். டிரம்மைக் கோர்த்தபின் 3-4 ஓட்டையில் 30, 40 பிஎஸ்ஐ காற்று அடித்துப் பாருங்கள், பிஸ்டன் 'டப்' என்று ஏறி நிற்க வேண்டும், விடாமல் 'உஸ்ஸ்' என்று வந்தால் அந்த டிரம் வேண்டாம். கேப்சூல் தனியாகவே கிடைக்கும், விலையும் கம்மி. அப்புறம் இன்புட் ஷாஃப்டில் நான்கு டெஃப்லான் ரிங். அதை விரித்து மாட்டினால் அப்படியே விரிந்தே நிற்கும், சைஸ் பண்ணும் ஸ்லீவ் போட்டு இறுக்கி வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஷாஃப்டை ஏற்ற வேண்டும். அவசரத்தில் நேரே சொருகினால் ரிங் அறுந்துவிடும், கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது உங்கள் பி1870. கன்வெர்ட்டர் (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியருக்குக் கொடுக்கும் பாகம்) கிளட்சைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வு நாள் முழுக்க துடித்துக்கொண்டே இருக்கும், அதனால் வால்வு பாடியில் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் இருக்கும் பெட்டி) அது ஓடும் ஓட்டை முட்டை மாதிரித் தேய்ந்துவிடும், வால்வு பாடி அலுமினியம் என்பதால். சொலினாய்டை மட்டும் மாற்றினால் இது போகாது. ஓட்டையை ரீமர் போட்டுக் கொஞ்சம் பெரிசாக்கி, சோனாக்ஸ் கம்பெனியின் பெரிய சைஸ் வால்வு போட வேண்டும். ரீமர் செலவுக்கு வால்வு பாடியை மட்டும் கடையில் கொடுத்துச் செய்துகொள்வது லாபம். அந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம்.

சன் ஷெல் (சன் கியரைச் சுற்றவைக்கும் இரும்புக் கூடு): உடைந்திருந்தால் இரண்டாவதும் நான்காவதும் ரிவர்ஸும் சேர்ந்து போயிருக்கும். உங்களுக்கு ரிவர்ஸ் இருக்கிறது, அதனால் உடையவில்லை. ஆனாலும் கியர் திறந்திருக்கும்போதே பலப்படுத்திய பீஸ்ட் ஷெல்லைப் போட்டுவிடுங்கள், பழைய ஷெல் கழுத்தில் விரிசல் விடுவது இந்த கியரில் சர்வ சாதாரணம். கார்வெட் சர்வோவும் போடலாம், பிஸ்டன் பெரிசு என்பதால் இரண்டாவது கியரில் பேண்டை நன்றாகப் பிடிக்கும், விலையும் அதிகமில்லை. ஐந்து பினியன் பிளானட்டரி (ஐந்து சின்ன பல்சக்கரம் உள்ள கியர் செட்) இதைவிடப் பலமான 4எல்65ஈ-யில் வந்தது. மாற்றாத 5.3-க்கு அது வேண்டாம், அந்தக் காசில் நல்ல கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

கிளட்ச் பிளேட்: போர்க்வார்னர் பிராண்ட் போதும். நிறைய பிளேட் அடைக்க வேண்டும் என்று ஸ்டீலை மெலிசாக்கும் கிட்களை நான் எடுப்பதில்லை, இழுவை வண்டிக்குச் சூட்டைத் தாங்க ஸ்டீல் தடிமனாக இருக்க வேண்டும். பம்பில் ரோட்டர் ரிங்குகளைக் கடினப்படுத்தியதாக வாங்குங்கள், பழையது உடைந்தால் பம்பே போய்விடும்.

---

மூன்றாம்_கியர்:

அண்ணன் சொல்வதை அப்படியே செய்யுங்கள், நான் செய்யாமல் இரண்டு தடவை இறக்கினேன். என் டாஹோவில் முதல் தடவை விலை கூடிய இசட்-பேக் கிளட்ச் போட்டு, டிரம்மில் காற்று அடித்துப் பார்க்காமலே ஏற்றிவிட்டேன். நான்கு மாதம், 5,000 மைல், அதே இடத்தில் அதே உறுமல். இரண்டாவது தடவை பிரித்தபோது எல்லா பிளேட்டும் கறுப்பு, செக் பால் கேப்சூலை நகத்தால் தொட்டாலே ஆடியது. அந்த ஒரு சின்னத் துண்டுக்காக மொத்தமும் திரும்ப வாங்கினேன்.

இன்னொன்று, கூலர். கிளட்ச் எரிந்த தூள் எல்லாம் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரிலும் குழாய்களிலும் போய் உட்கார்ந்திருக்கும். நான் வெள்ளைத் துணியை வைத்துப் பிடித்தேன், மூன்று தடவை ஃபிளஷ் பண்ணியும் மினுமினு என்று பொடி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் படகுக்காகத் தனியாக ஒரு அடுக்கு பிளேட் கூலர் வாங்கி ரேடியேட்டர் முன்னால் மாட்டினேன். இதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.

---

கால்வெஸ்டன்_ரோடு:

ரொம்ப நன்றி அண்ணா. நேற்று ராத்திரியே டிரம்மில் காற்று அடித்துப் பார்த்தேன், பிஸ்டன் ஏறியது, ஆனால் உடனே இறங்கிவிட்டது, சத்தமும் கேட்டது. மச்சான் காதை வைத்துக் கேட்டு அந்தக் கேப்சூல் பக்கம்தான் என்கிறார். சரி, அதையும் ரிங் கிட்டையும் ஆர்டர் பண்ணிவிட்டேன், வால்வு பாடியைக் கடையில் கொடுக்கப் போகிறேன். கன்வெர்ட்டர் பழையதையே கழுவிப் போடலாமா? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

---

ஷார்ஜா_கியர்காரர்:

கூடாது தம்பி. வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அதே கறுப்பு ஆயில் இருக்கிறது, கழுவிப் போகாது, பி1870 வந்த வண்டியில் உள்ளே கிளட்ச் லைனிங்கும் வழுக்கித் தேய்ந்திருக்கும். வாங்கும்போது 300 மில்லி மீட்டர், 30 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் மாட்டும் பற்கள்) என்று கேட்டு வாங்குங்கள். பழைய வண்டிகளின் 298 மில்லி மீட்டர் கன்வெர்ட்டருக்கு 27 ஸ்ப்ளைன், உங்கள் ஷாஃப்டில் ஏறாது.

ஏற்றும்போது கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, மெதுவாகத் திருப்பித் திருப்பி உள்ளே தள்ளுங்கள். ஒரே தடவையில் உட்காராது, படிப்படியாக 'டக்' 'டக்' என்று இறங்கும், கடைசிப் படி பம்ப் ரோட்டரில் போய் மாட்டுவது. கியரை என்ஜினோடு சேர்த்து போல்ட் போட்ட பிறகும் கன்வெர்ட்டர் கையால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (என்ஜின் பக்கம் கன்வெர்ட்டரை போல்ட் போடும் தகடு) அதற்கும் நடுவில் கால் அங்குலத்தில் பாதியாவது இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் இறுக்காதீர்கள், வெளியே எடுத்துத் திரும்ப உட்கார வையுங்கள், போல்டால் இழுத்து இறுக்கினால் ஸ்டார்ட் பண்ணியவுடன் பம்ப் உடையும்.

புது ஃபிரிக்ஷன் பிளேட்களையும் பேண்டையும் இன்றே டெக்ஸ்ரான் 6 கியர் ஆயிலில் ஊறப் போடுங்கள், அரை மணி நேரமாவது ஊற வேண்டும், ராத்திரி முழுக்க ஊறினாலும் நல்லதுதான். மொத்தமாக 11 குவார்ட் ஆயில் பிடிக்கும், 12 வாங்கி வையுங்கள். புதுக் கேப்சூல் போட்டுத் திரும்பக் காற்று அடித்துப் பார்த்த பிறகு பிஸ்டன் நின்றதா என்று எழுதுங்கள், அதைக் கேட்ட பிறகுதான் டிரம்மை உள்ளே இறக்கச் சொல்வேன்.